புகையிலையும் கார்போகரிசியும்

ஓசூரிலிருந்து மாலூர் போகிற சாலையில் பாகலூர் என்று ஓர் ஊர். கர்நாடக எல்லை அங்கிருந்து அதிகத் தூரமில்லை. அந்த ஊர்க் கடைத்தெருவில் ஐந்து நிமிஷம் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். பல சமயம் ஒரே மனிதர் வாயிலிருந்தே விழும். அங்கே விற்கிற ஒரு சரக்கைத் தமிழர் புகையிலை என்பார். தெலுங்கர் பொகாகு என்பார். கன்னடக்காரர் ஹொகெசொப்பு என்பார். மூன்று சொல்லையும் பிரித்துப் பார்த்தால் அர்த்தம் ஒன்றுதான்: புகை தரும் இலை.

வடக்கே அப்படியில்லை. தம்பாக்கு என்று, கப்பலில் கூடவே வந்த அந்நியப் பெயரையே அங்கே வைத்துக்கொண்டார்கள். நாமோ வந்த விருந்தாளிக்கு நம் வீட்டுப் பெயரைச் சூட்டிவிட்டோம். பாஷாபிமானிகள் இதற்காகப் பெருமைப்படலாம், எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தப் பெயரில் ஒரு சிறு ஏமாற்றம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்தது புகை. ஆகையால் புகையை வைத்துப் பெயரிட்டோம். சண்டை போட வேண்டி வந்தபோதும் புகையோடுதான் சண்டை போட்டோம். மனிதனைக் கட்டிப் போடுவது புகை அல்ல, அதற்குள் மறைந்து வருகிற வேறொன்று என்பது வெகுகாலம் கழித்தே தெரிந்தது. அந்தக் கட்டு ஒருவனுக்கு இறுக்கமாகவும் இன்னொருவனுக்குத் தளர்வாகவும் இருப்பதில் கல்லீரலுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது அதற்கும் பிறகு, நம் காலத்தில்தான் தெரிந்தது. அந்தச் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற ஒரு கறுப்பு விதைக்கும் அந்தக் கதையில் உறவு உண்டு.

புகையிலை அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த புதிதில் அதை மருந்து என்றே நம்பினார்கள். 1560இல் லிஸ்பனில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் நிக்கோ என்பவர் அதைத் தம் நாட்டு அரண்மனைக்கு அனுப்பி வைத்தார். ராஜமாதா காதரின் தெ மெதிசியின் ஆதரவும் அதற்குக் கிடைத்தது. தலைவலிக்கு நல்லது என்றார்கள்; புண்ணுக்கு நல்லது என்றார்கள். தூதர் செய்த மற்றக் காரியங்களை உலகம் மறந்துவிட்டது. அவர் பெயர் மட்டும் அந்தச் செடியோடு ஒட்டிக்கொண்டது. பின்னால் செடிக்குள்ளிருந்து எடுத்த விஷத்தோடும் ஒட்டிக்கொண்டு, நிக்கோட்டின் ஆகி, இன்று வரை நிலைத்து நிற்கிறது. சாசுவதமான புகழ் வேண்டும் என்று தவம் கிடப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

நம் தேசத்தில் நடந்தது இன்னும் ரஸமானது. அக்பரின் கடைசிக் காலத்தில், 1604 வாக்கில், ஆஸாத் பேக் என்ற அதிகாரி பீஜப்பூர் போய்த் திரும்பும்போது புகையிலையும் ஒரு அழகான புகைக்குழாயும் கொண்டு வந்து சக்கரவர்த்தியின் முன் வைத்தார். அக்பர் இரண்டொரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். அருகிலிருந்த ஹக்கீமுக்கு அது பிடிக்கவில்லை. நம் சாஸ்திரங்களில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, சோதித்துப் பாராத வஸ்துவை அரசர் தொடலாகாது என்றார். ஆஸாத் பேக்கும் விடவில்லை. உலகத்தில் எல்லாமே ஒரு காலத்தில் புதிதாக வந்தவைதானே என்று வாதாடினார். அக்பர் இருவரையும் கேட்டுவிட்டு, தம்மளவில் அதோடு நிறுத்திக்கொண்டார். பிரபுக்கள் நிறுத்தவில்லை. வியாபாரிகள் வாசனை பிடித்து வந்துவிட்டார்கள். சில வருஷங்களில் புகையிலை ஊரெங்கும் பரவிவிட்டது. மகன் ஜஹாங்கீர் 1617இல் அதைத் தடை செய்து உத்தரவு போட்டார். உத்தரவு சரித்திரப் புத்தகத்தில் இருக்கிறது. புகையிலை கடைத்தெருவில் இருந்தது.

அதே 1604இல் இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் புகையிலையைக் கண்டித்துத் தம் கையாலேயே ஒரு சிறு நூல் எழுதினார். எழுதினால் மட்டும் போதாது என்று, பவுண்டுக்கு இரண்டு பென்ஸாக இருந்த வரியோடு ஆறு ஷில்லிங் எட்டுப் பென்ஸைச் சேர்த்தார். அரசர் நூல் எழுதினால் படிக்காவிட்டாலும் பாராட்டுவார்கள். வரி போட்டால் கள்ளக்கடத்தல் செய்வார்கள். இரண்டும் தவறாமல் நடந்தன.

இந்த அரசர்களெல்லாம் வாயைத் தடுக்கப் பார்த்தார்கள். பின்னால் வந்த போதகர்கள் மனத்தைத் தடுக்கப் பார்த்தார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. எதிரி எங்கே இருக்கிறான் என்று தெரியாதபோது கண்ணில் பட்ட இடத்தில்தானே அடிக்க முடியும்?

எதிரியின் முகம் 1828இல் தெரிந்தது. ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரில் போஸெல்ட் என்ற வைத்தியரும் ரைமன் என்ற ரசாயனக்காரரும் புகையிலையிலிருந்து நிக்கோட்டினைத் தனியே பிரித்தெடுத்தார்கள். எண்ணெய் போன்ற ஒரு திரவம், கொடிய விஷம். ஆனால் புகைப்பவன் தேடுவது இதைத்தான் என்று யாரும் நிச்சயமாகச் சொல்லவில்லை. அதைச் சொல்ல 1942இல் லெனாக்ஸ் ஜான்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் வந்தார். அவர் புகையே இல்லாமல் நிக்கோட்டினை மட்டும் ஊசியில் ஏற்றி, தம் மீதும் 35 பேர் மீதும் சோதித்துப் பார்த்தார். புகைத்துப் பழகியவர்களுக்கு அந்த ஊசி இன்பமாக இருந்தது. சிகரெட் தேவைப்படவில்லை. ஊசியை நிறுத்தியதும் ஏக்கம் பிறந்தது. ஆகவே சிகரெட் என்பது நிக்கோட்டினை உடம்புக்குள் கொண்டுபோகிற வண்டி, அவ்வளவே. வண்டியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டவர்களும் சரி, கல் எறிந்தவர்களும் சரி, உள்ளே இருந்த ஆசாமியைக் கவனிக்கவில்லை.

நுரையீரல் புற்றுநோயைப் பற்றி 1950இல் டாலும் ஹில்லும் எழுதிய பிறகு இந்த வித்தியாசம் உயிர் போகிற விஷயமாயிற்று. புற்றுநோயைப் பெரும்பாலும் தருவது புகையில் உள்ள தாரும் மற்ற ரசாயனங்களும். மறுபடியும் மறுபடியும் அந்தப் புகையிடம் மனிதனை இழுத்துப் போவது நிக்கோட்டின். அப்படியானால் நிக்கோட்டினை வேறு வழியில் கொடுத்துப் புகையை ஒழித்தால் என்ன? ஸ்வீடனில் அப்படியே யோசித்தார்கள். நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க வழியில்லாத மாலுமிகள் மெல்லுகிற புகையிலையை வைத்துச் சமாளிக்கிறார்கள் என்று 1967இல் லுண்ட் நகரத்து டாக்டர் ஒருவர் கடிதம் எழுத, ஓவெ ஃபெர்னோ என்ற மருந்து ஆராய்ச்சியாளர் நிக்கோட்டின் கலந்த சூயிங் கம் செய்யத் தொடங்கினார். 1978இல் அது ஸ்விட்ஸர்லாந்தில் விற்பனைக்கு வந்தது.

இந்த இடத்தில் வாசகர் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கம் எதற்கு? நிக்கோட்டினை மாத்திரையாக விழுங்கினால் போதாதா?

போதாது. விழுங்கியது குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகிறது. அங்கே பெரும்பகுதி அழிந்து, மிச்சம் மீதிதான் மூளைக்குப் போகிறது. புகையும் சூயிங் கம்மும் நுரையீரல் வழியாகவோ வாயின் உட்தோல் வழியாகவோ ரத்தத்தில் கலந்து, கல்லீரலின் முதல் சோதனையிலிருந்து தப்பிக்கின்றன. கல்லீரல் என்ற பெயர் இந்தக் கதையில் இப்படித்தான் முதலில் வருகிறது: ஒரு தொந்தரவாக வருகிறது.

அதே சமயத்தில் நியூயார்க்கில் ஸ்டான்லி ஷாக்டர் என்ற மனோதத்துவப் பேராசிரியர் வேறொரு வேடிக்கையைக் கவனித்தார். கவலை வந்தால் மனிதர்கள் அதிகம் புகைக்கிறார்கள். ஏன்? மனம் ஆறுதல் தேடுகிறது என்றுதான் நாமெல்லாம் சொல்வோம். நாவல்களில் நானும் அப்படித்தான் எழுதுவேன். ஷாக்டர் சிறுநீரைப் பார்த்தார். கவலையில் சிறுநீரின் அமிலம் கூடுகிறது. அமிலம் கூடினால் நிக்கோட்டின் சீக்கிரம் வெளியேறுகிறது. வெளியேறினால் மறுபடி நிரப்ப வேண்டியிருக்கிறது. சோடா உப்புக் கொடுத்து அமிலத்தைக் குறைத்தால் புகைப்பதும் கொஞ்சம் குறைகிறது என்று 1977இல் எழுதினார். புகைப்பவனின் மனசு மூத்திரப்பையிலா இருக்கிறது என்று அவரே கேலியாகக் கேட்டுக்கொண்டாராம்.

அவர் கை காட்டிய இடம் சரியாக இல்லை. சிறுநீர் வழியாக நிக்கோட்டினாகவே வெளியேறுவது சிறு பங்குதான். பெரும்பங்கைக் கல்லீரல் மாற்றிவிடுகிறது என்று ஸான்ஃப்ரான்ஸிஸ்கோவில் நீல் பெனோவிட்ஸ் முதலியவர்கள் அளந்து காட்டினார்கள். ஆனால் ஷாக்டரின் கேள்வி அருமையான கேள்வி. மனிதன் ஏன் புகைக்கிறான் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தபோது, அடுத்த சிகரெட் ஏன் இந்த நேரத்தில் என்று அவர் கேட்டார்.

ஒரு சிகரெட்டிலிருந்து சுமார் ஒரு மில்லிகிராம் நிக்கோட்டின் உடம்பில் சேர்கிறது. இழுத்த பத்திருபது வினாடியில் அது மூளையைத் தொடுகிறது. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகிறது. இது சராசரிக் கணக்கு. ஆளுக்கு ஆள் வெகுவாக வித்தியாசப்படும். அந்த வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் கல்லீரலில் உள்ள ஒரு நொதி.

பெங்களூர்ச் சாலையில் ஜூஜூவாடிச் சோதனைச் சாவடியை, 2017இல் புதிய வரி முறை வருமுன், பார்த்தவர்களுக்கு இதை எளிதில் விளங்க வைக்கலாம். லாரிகள் வரிசையாக நிற்கும். குமாஸ்தா சுறுசுறுப்பானவர் என்றால் முத்திரை குத்திக் குத்தி அனுப்புவார். சாலை சீக்கிரம் காலியாகும். நிதானமானவர் என்றால் வரிசை நீளும். கல்லீரலில் சாவடி வைத்திருக்கும் நொதி நிக்கோட்டினைப் பிடித்து, முத்திரை குத்தி, கோட்டினின் என்ற சாதுவான பொருளாக மாற்றி அனுப்புகிறது. வேகமான நொதி உள்ளவனுக்குச் சாலை சீக்கிரம் வெறிச்சோடிப் போகிறது. அந்த வெறுமைதான் ஏக்கம். உடனே இன்னொரு லாரியை அனுப்பச் சொல்லிக் கை பெட்டியைத் தேடுகிறது.

இந்த நொதியின் குலத்தை ஜப்பானில் ஒமுராவும் ஸாட்டோவும் 1960களின் தொடக்கத்தில் ஆராய்ந்து ஸைட்டோக்ரோம் பி-450 என்று பெயரிட்டார்கள். கார்பன் மோனாக்ஸைடு சேர்ந்தால் 450 என்ற அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சுகிற நிறப்பொருள் என்பதால் அந்தப் பெயர். மனிதனிடம் இந்தக் குலத்தில் 57 வகை உண்டு. நிக்கோட்டினைக் கவனிக்கிற முக்கியமான வகை ஸி.ஒய்.பி. 2ஏ6 என்று 1996இல் ஜப்பானியர்களே, நக்காஜிமா முதலியவர்கள், காட்டினார்கள். பிறவியிலேயே இந்த நொதி இல்லாதவர்கள் உலகத்தில் உண்டு. ஜப்பானில் நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கு அது அடியோடு இல்லை. அவர்கள் ஆரோக்கியமாகவே நடமாடுகிறார்கள்.

பாகலூரில் எனக்குப் பழக்கமான சகோதரர்கள் இருவர் உண்டு. அண்ணன் ஓசூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தம்பி ரோஜாத் தோட்டம் வைத்திருக்கிறார். அண்ணன் நாளைக்கு நாற்பது சிகரெட். விட்டுவிடுகிறேன் என்று ஏழு தடவை சத்தியம் செய்து ஏழு தடவையும் தோற்றவர். தம்பி நாளைக்கு நாலைந்து. ஒரு யுகாதியன்று விட்டார், அவ்வளவுதான், தீர்ந்தது. வீட்டில் தம்பிக்கு நல்ல பெயர்.

"மனசு வைக்கணும்ண்ணா. எனக்கு முடிஞ்சது உனக்கு ஏன் முடியல?" என்று தம்பி என் எதிரிலேயே கேட்டார்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "அரை மணிக்கு மேல தாங்கல சார். யாரோ உள்ளேயிருந்து மணி அடிக்கிறாப்பல இருக்கு" என்றார்.

அவர்கள் ஈரலை யாரும் அளந்து பார்த்ததில்லை. ஆகையால் இன்ன காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. பழக்கம், வேலை, சிநேகிதம், கவலை எல்லாம் சேர்ந்துதான் ஒரு மனிதனைப் புகைக்க வைக்கின்றன. ஆனால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கே மூக்கும் முழியும் வேறாக இருக்கும்போது, ஈரலின் வேகம் வேறாக இருக்கக் கூடாதா? அண்ணன் சொன்ன அந்த மணியைத்தான் விஞ்ஞானிகள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

1998இல் கனடாவில் டொரான்டோவைச் சேர்ந்த எட்வர்ட் ஸெல்லர்ஸ், ரேச்சல் டிண்டேல் இருவரும் தங்கள் சகாக்களோடு ஒரு முடிவை வெளியிட்டார்கள். இந்த நொதியின் ஜீனில் குறை உள்ளவர்கள் புகைக்கு அடிமையாவது குறைவு. அடிமையானாலும் குறைவாகவே புகைக்கிறார்கள் என்றார்கள். உடனே மறுப்புகள் எழுந்தன. வேறு ஆராய்ச்சியாளர்கள் சோதித்து, அந்த ஜீன் பரீட்சை சரியாக இல்லை, குறை இல்லாதவர்களையும் குறை உள்ளவர்களாகக் காட்டிவிட்டது என்று எடுத்துச் சொன்னார்கள். பரீட்சையைத் திருத்தினார்கள். திருத்திய பிறகு கணக்குகள் மாறின. ஆனால் நொதி மந்தமானவர்கள் குறைவாகப் புகைக்கிறார்கள் என்ற விஷயம் நிலைத்தது. 2010இல் ஆயிரக்கணக்கானவர்களின் ஜீன்களை அலசியபோதும், நாளைக்கு எத்தனை சிகரெட் என்பதோடு சம்பந்தப்பட்ட இடங்களில் ஒன்றாக இந்த நொதியின் பக்கமே அகப்பட்டது.

இயற்கை சிலருக்கு இலவசமாகக் கொடுத்ததை மற்றவர்களுக்கு மருந்தாகக் கொடுக்கலாமே என்று டொரான்டோக்காரர்களுக்குத் தோன்றியது. சாவடிக் குமாஸ்தாவின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ள ஒரு பொருள் வேண்டும். தேடினார்கள். கிடைத்தது மெதாக்ஸலென் என்ற பழைய மருந்து.

இங்கேதான் நம் கார்போகரிசி கதைக்குள் வருகிறது. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள்: சிறிய, கறுப்பான, வாசனையுள்ள விதை. ஸ்நானப் பொடியில் சேர்ப்பார்கள். தோலில் வெள்ளைத் திட்டு விழும் வியாதிக்கு இதைப் பூசி வெயிலில் காட்டுவது நம் நாட்டு வைத்தியத்தில் வெகு பழைய முறை. குஷ்டமே அல்லாத அந்த வியாதிக்கு வெண்குஷ்டம் என்று பெயர் வைத்து, எத்தனையோ பெண்களின் கல்யாணத்தை நாம் கெடுத்திருக்கிறோம். அந்த விதையில் என்ன இருக்கிறது என்று 1933இல் ஜோயிஸ், மஞ்சுநாத், வெங்கடராவ் என்ற மூவர் ஆராய்ந்து இந்திய ரசாயனக் கழகத்தின் பத்திரிகையில் எழுதினார்கள். பெயர்களிலேயே கன்னட வாடை வீசுகிறது. அதிலிருந்து வந்த பொருள்தான் சோராலென்.

நைல் நதிக்கரையிலும் இதே வைத்தியம் உண்டு, செடிதான் வேறு. நம் கொத்தமல்லி, சீரகத்தின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காட்டுச் செடி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இப்னு அல் பைத்தார் என்ற அரபு மருத்துவ அறிஞர் அதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். 1940களில் எகிப்தியர்கள் அதிலிருந்து ஒரு படிகத்தைப் பிரித்தார்கள். 1948இல் கெய்ரோவில் டாக்டர் எல் மொஃப்தி அதை வெள்ளைத் திட்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதுதான் மெதாக்ஸலென். சோராலெனில் ஒரு சிறு ரசாயனத் தொங்கல் கூடுதலாக ஒட்டியிருக்கிறது. மற்றபடி இரண்டும் சகோதரிகள். தோலுக்காக வந்த அந்த மருந்து ஈரலில் உள்ள ஸி.ஒய்.பி. 2ஏ6 நொதியையும் முடக்குகிறது என்று பிற்காலத்தில் தெரிந்தது. முடக்குகிற விதமும் விசித்திரமானது. நொதி அதை வழக்கமான சரக்கு என்று நினைத்துப் பிரிக்கத் தொடங்குகிறது. பிரித்த மாத்திரத்தில் அது நொதியின் மேலேயே ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்திவிடுகிறது.

2000இல் ஸெல்லர்ஸ், கப்லான், டிண்டேல் மூவரும் சோதனை முடிவை வெளியிட்டார்கள். புகைப்பவர்களுக்கு மெதாக்ஸலெனோடு நிக்கோட்டினையும் விழுங்கக் கொடுத்தார்கள். விழுங்கினால் வீண் என்று முன்னே சொன்னேன் அல்லவா? குமாஸ்தா முடங்கிவிட்டதால் இப்போது வீணாகவில்லை, ரத்தத்தில் ஏறியது. பிறகு இஷ்டம்போல் புகைக்க விட்டார்கள். குறைவாகவே புகைத்தார்கள். ஒரு சிகரெட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி நீண்டது. மூச்சுக்காற்றில் கார்பன் மோனாக்ஸைடு குறைந்தது. உபதேசம் எதுவும் செய்யவில்லை. உள்ளே அடிக்கிற மணி கொஞ்சம் தாமதமாக அடித்தது, அவ்வளவுதான். இன்னொரு லாபமும் உண்டு. புகையிலையில் உள்ள சில ரசாயனங்களைப் புற்றுநோய் தரும் உருவத்துக்கு எழுப்பிவிடுவதும் இதே நொதிதான். அதைத் தூங்க வைத்தால் அந்த விஷமங்களும் அடங்கும் என்று எதிர்பார்க்க இடமிருக்கிறது.

இவ்வளவும் படித்துவிட்டு யாராவது நாட்டு மருந்துக் கடைக்குப் புறப்பட்டால், தயவு செய்து உட்காருங்கள். கார்போகரிசியும் அதன் எகிப்திய சகோதரியும் வெயிலோடு சேர்ந்தால் தோலைக் கொப்புளிக்கச் செய்யும். மெதாக்ஸலென் கொடுத்து ஒளி காட்டுகிற சிகிச்சையை வெகுநாள் செய்துகொண்டவர்களுக்குத் தோலில் புற்றுநோய் வரும் அபாயம் கூடுகிறது. கார்போகரிசி சாப்பிட்டு ஈரல் கெட்டவர்களைப் பற்றியும் வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். நுரையீரலைக் காப்பாற்றத் தோலையும் ஈரலையும் அடகு வைப்பது புத்திசாலித்தனம் ஆகாது. அதனாலேயே அந்த மருந்தை அப்படியே கொடுக்காமல், அதனிடம் பாடம் கற்றுக்கொண்டு புதிய மருந்து செய்ய வேண்டியதாயிற்று.

2005இல் கலிஃபோர்னியாவில் ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ஜான்ஸனும் அவருடைய சகாக்களும் இந்த நொதியைப் படிகமாக்கி, எக்ஸ்ரே கதிரால் அதன் உருவத்தைக் கண்டார்கள். உள்ளே ஒரு குறுகலான அறை. அதில் ஓர் இரும்பு அணு. மெதாக்ஸலென் அந்த அறைக்குள் அளவெடுத்துச் செய்தது போல் தட்டையாகப் படுத்திருந்தது. அறையின் அளவு தெரிந்த பிறகு அதற்கேற்ற பொருளைச் செய்வது தச்சு வேலை போல் ஆகிவிட்டது. அதே வருஷம் ஸான் டியேகோவில் டென்டன், காஷ்மன் முதலியவர்கள் நிக்கோட்டினையே மாதிரியாக வைத்து, அதன் அங்கங்களைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி, அறைக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்கிற பொருள்களைச் செய்தார்கள். பின்னால் டிராவிஸ் டென்டன் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் லாசரஸோடு சேர்ந்து அந்த வேலையைத் தொடர்ந்தார்.

இதில் கஷ்டம் இரும்பு அணுவின் அருகே போவதல்ல. தப்பான வீட்டுக்குள் போகாமல் இருப்பது. 57 வகை நொதிகளிலும் அதே இரும்பு உண்டு. நாம் சாப்பிடுகிற மற்ற மருந்துகளையெல்லாம் கவனிப்பது அந்த உறவினர்கள்தான். ரத்த அழுத்தத்துக்கும் இருதயத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இந்தப் புது மருந்து அந்த நொதிகளையும் சேர்த்து முடக்கினால், ஒரு மாத்திரை இரண்டு மாத்திரையின் பலம் காட்டிவிடும். ஆகவே ஒரே ஒரு குமாஸ்தாவின் கையை மட்டும் பிடிக்க வேண்டும். சோதனைக் குழாயில் அப்படிப் பிடிக்கிற பொருள்கள் கிடைத்திருக்கின்றன. கடையில் சீட்டுக் காட்டி வாங்கும்படியான மருந்து ஒன்றும் இன்னும் வரவில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. மந்தமான நொதி எல்லோருக்கும் எப்போதும் நன்மை என்று சொல்ல முடியாது. கனடாவிலேயே மான்ட்ரியாலில் புதிதாகப் புகைக்கப் பழகிய பள்ளிப் பிள்ளைகளைக் கவனித்து 2004இல் எழுதினார்கள்: நொதி மந்தமான பிள்ளைகள் குறைவாகப் புகைத்தாலும் அடிமையாவது சீக்கிரமாக இருந்தது. நிக்கோட்டின் வெகு நேரம் தங்குகிறது. இளம் மூளை சீக்கிரம் பழகிவிடுகிறது. ஆகவே இது அனுபவசாலிகளுக்கான மருந்தாகலாமே தவிர, பழகப் போகிறவனைக் காக்கும் கவசம் ஆகாது.

நம் தேசத்தின் கணக்கையும் பார்க்க வேண்டும். 2016-17இல் எடுத்த கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் நூற்றுக்கு 28.6 பேர் ஏதாவது ஒரு வடிவத்தில் புகையிலையை உபயோகித்தார்கள். சுமார் 27 கோடிப் பேர். அதில் புகைத்தவர்கள் 10.7 சதவிகிதம். பீடி பிடித்தவர்கள் 7.7, சிகரெட் 4. மென்றும் அடக்கியும் மற்ற விதமாகவும் புகையில்லாமல் உபயோகித்தவர்கள் 21.4. புகையிலை என்று நாம் வைத்த பெயர் நம்மிடமே பொய்யாகிப் போன விதத்தைப் பாருங்கள்! பாகலூர்ச் சாலையில் பீடி பிடிக்கிற கட்டட வேலைக்காரருக்கும், வாயில் பொட்டலத்தை அடக்கிக்கொண்டு இரவு ஷிப்ட் பார்க்கிற வடநாட்டு வாலிபருக்கும் நிக்கோட்டின் ஒன்றுதான், நொதியும் ஒன்றுதான். ஆனால் ஆராய்ச்சி முக்கால்வாசியும் மேல்நாட்டு சிகரெட்டை வைத்தே நடந்திருக்கிறது. பீடிக்கும் பொட்டலத்துக்கும் யார் கணக்குப் போடுவது? இதை நம் ரசாயனக்காரர்களும் வைத்தியர்களும்தான் செய்ய வேண்டும். 1933இல் மூன்று பேர் ஒரு கறுப்பு விதையைப் பிரித்துப் பார்த்த தேசத்துக்கு இது ஒன்றும் அசாத்தியம் அல்ல.

மருந்து வரும்வரை இந்தக் கண்டுபிடிப்பால் பிரயோஜனம் இல்லையா என்றால், உண்டு. கோட்டினினையும் அதிலிருந்து அடுத்துப் பிறக்கிற பொருளையும் அளந்து, ஒருவருடைய நொதி வேகமா, மந்தமா என்று சொல்ல முடியும். 2015இல் பென்ஸில்வேனியாவின் கேரின் லெர்மனும் சகாக்களும் இதைச் செய்து பார்த்தார்கள். மந்தமானவர்களுக்கு நிக்கோட்டின் ஒட்டுப் பட்டையே போதும். நொதி சாதாரண வேகத்தில் ஓடுகிறவர்களுக்கு வாரெனிக்ளின் என்ற மாத்திரை மேலான பலன் தந்தது. அவனவன் ஈரலைப் பார்த்து வைத்தியம் செய்யலாம் என்று தெரிந்தது. நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் இந்தப் பரீட்சை வழக்கத்துக்கு வரவில்லை, வர வேண்டும்.

அதைவிடச் சுலபமான, காசே ஆகாத பிரயோஜனம் ஒன்று இருக்கிறது. புகையை விட முடியாமல் தோற்றவனை நாம் நடத்துகிற விதத்தை மாற்றிக்கொள்வது. அரசர்கள் அவனைக் குற்றவாளி என்றார்கள். போதகர்கள் பாவி என்றார்கள். வீட்டார் மனவுறுதி இல்லாதவன் என்கிறார்கள். விட முயன்று தோற்றவர்கள் அந்தப் பழிக்குப் பயந்தே வைத்தியரிடம் போவதில்லை. நாளைக்கு நாலு சிகரெட் பிடித்து விட்டவரையும் நாற்பது பிடித்துத் தவிப்பவரையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமல்ல என்று இந்த நொதி நமக்குச் சொல்கிறது. தவிப்பவருக்கு இது சாக்காகிவிடாதா என்று கேட்கலாம். கால் ஊனமானவர் என்று தெரிந்தால் கோல் கொடுப்போம். நடக்க வேண்டாம் என்று சொல்லமாட்டோம். விட வேண்டியது அவர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஏழு தடவை தோற்றவரை எட்டாவது தடவை முயலும்படி செய்ய வேண்டுமானால், முதலில் அவரைத் தலை நிமிர்ந்து உட்கார விட வேண்டும். புதிய மருந்து எப்போது வருகிறதோ வரட்டும். அந்தக் காரியத்துக்கு நாம் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.